சிவப்புத் திட்டு: எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் கூடாது?

நம்பிக்கை: கிரகணத்தன்று கர்ப்பிணித் தாய் கத்தரி பிடித்ததால் குழந்தைக்குத் திட்டு வந்தது.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பிசிர் வெட்டும் பெண்களுக்கு டிரிம்மர் கையை விட்டு இறங்குவதே இல்லை. குழந்தையின் கன்னத்தில் சிவப்பு தெரிந்ததும் பழி அவர்கள் மேல் விழுவது பெரிய அநியாயம். ஹெமாஞ்சியோமா எனும் இந்தச் சிவப்புக் கட்டி, ரத்தக்குழாய்ச் செல்கள் மிதமிஞ்சிப் பெருகுவதால் வருவது. பெண் குழந்தைகளிடமும் குறைமாதக் குழந்தைகளிடமும் அதிகம். கத்தரிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நம்பிக்கை: வளர வளரத் தானாகப் போய்விடும்.

பாதி உண்மை. அதனால்தான் ஆபத்து. ஹெமாஞ்சியோமா பிறந்த சில வாரங்களில் தலைகாட்டும், முதல் 3 மாதங்களில் வேகமாகப் பெருகும், ஒரு வயதுக்குப் பிறகு மெல்ல வடியும். முதுகில் சிறியதாக இருந்தால் மருத்துவரே காத்திருக்கச் சொல்வார். இமையில் வந்தால் பார்வை கெடலாம். மூக்கிலோ உதட்டிலோ வந்தால் வடிந்த பிறகும் வடு தங்கலாம். தாடையில் பரவியிருந்தால் மூச்சுக்குழலையும் பார்த்தாக வேண்டும். ஐந்தோ அதற்கு மேலோ கட்டிகள் இருந்தால் கல்லீரலுக்கு ஸ்கேன். இப்படிப்பட்ட குழந்தைகளை ஒரு மாத வயதுக்குள் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

மருந்து இருக்கிறது. பிரான்ஸின் போர்தோ நகரில், இதயக் கோளாறுக்காக ஒரு குழந்தைக்குப் புரோப்ரனலால் கொடுத்தார்கள். மறுநாளே முகத்துக் கட்டியின் கடுஞ்சிவப்பு மாறி, கட்டி இளகியது. கிறிஸ்டின் லியோட்டே-லாப்ரேஸ் குழுவினர் 2008-இல் இதை வெளியிட்டார்கள். இன்று முதலில் தரப்படும் சிகிச்சை அதுதான். மருத்துவர் சொன்ன அளவில், பால் குடித்த பிறகே கொடுக்க வேண்டும். வாந்தி பேதி வந்து குழந்தை பால் குடிக்காவிட்டால் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள், ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். அம்மா ஷிப்டில் இருக்கும்போது மருந்து ஊட்டுவது அப்பத்தாவோ அமுச்சியோதான். அவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நம்பிக்கை: எல்லாம் ஒரே மச்சம்தான்.

பிறக்கும்போதே தட்டையாக, கருஞ்சிவப்பாக இருப்பது போர்ட் வைன் திட்டு. அது வடியாது. லேசரில் மங்கும். நெற்றியில் இருந்தால் கண் அழுத்தத்தையும் வலிப்பையும் கவனிக்க வேண்டும். அழும்போது உப்பும் நீல வீக்கம் சிரைக் கோளாறாக இருக்கலாம். டாப்ளர், எம்ஆர்ஐ பார்த்து, உள்ளே ஊசி மருந்து செலுத்திச் சுருக்குவார்கள்.

நம்பிக்கை: சூடு வைத்தாலோ நூல் கட்டினாலோ உதிரும்.

ரத்தம் கொட்டும், சீழ் பிடிக்கும். செய்யவே செய்யாதீர்கள்.

திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் முதலில் காட்டலாம். வாரம் ஒருமுறை, அளவு டேப்பைப் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் போனில் படமெடுத்துக் கொண்டுபோங்கள்.