முடக்குவாதமும் உயிர்ச்சத்தும்

நோய் தீர்க்கும் முறையைத் திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து மருந்து கொடுப்பவரையும் வள்ளுவர் ஒரு கூறாக எண்ணினார். அந்த நான்காமவரின் பொறுப்பு எத்துணைப் பெரிது என்பதற்கு முடக்குவாதம் தக்க சான்றாகும்.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவதால் இந்நோய் தோன்றுகிறது. காலையில் விரல் மூட்டுகள் இறுகும், வீங்கி வலிக்கும். ஆண்களைவிடப் பெண்களையே இது மிகுதியாகப் பற்றுகிறது.

இதற்குரிய முதன்மை மருந்து மெத்தோட்ரெக்ஸேட். நோயின் வேகத்தைத் தணிக்கும் இம்மருந்து, ஃபோலிக் அமிலம் என்னும் பி வகை உயிர்ச்சத்தின் செயலையும் தடுக்கிறது. அதனால் வாய்ப்புண், குமட்டல், கல்லீரல் பாதிப்பு முதலியன நேரலாம். இவற்றைக் குறைக்கவே மருத்துவர் ஃபோலிக் அமில மாத்திரையையும் உடன் எழுதித் தருகிறார்.

இவ்விரண்டும் ஓரிடத்தில் பிறந்தவை என்பது வியப்பிற்குரியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவின் தலைமையில், அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தார் 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். அதன் எதிர்ப்பொருளான மெத்தோட்ரெக்ஸேட்டையும் அவர்களே உருவாக்கினர். முதலில் புற்றுநோய்க்குப் பயன்பட்ட அம்மருந்துக்கு, முடக்குவாதத்திற்கும் வழங்கலாம் என 1988இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

இனி, நினைவிற் கொள்ள வேண்டியவை சில. முடக்குவாதத்திற்கு மெத்தோட்ரெக்ஸேட்டை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உண்ண வேண்டும். தவறி நாள்தோறும் உண்டால் உயிருக்கே கேடு விளையும். இரண்டும் சிறிய மஞ்சள் மாத்திரைகளாக அமைவதுண்டு. எனவே வீட்டில் படித்தவர், மாத்திரை அட்டையின்மேல் உண்ண வேண்டிய கிழமையைத் தெளிவாக எழுதி வைத்தல் நலம். கருவுற்றோரும் கருவுற எண்ணுவோரும் மெத்தோட்ரெக்ஸேட்டை உண்ணலாகாது. ரமலான் மாதத்தில் தாமே மருந்தை நிறுத்தாமல், நோன்பு திறந்தபின் உண்ணும் முறையை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உண்போர்க்கு எலும்பு மெலியுமாதலால், வைட்டமின் டியும் சுண்ணாம்புச் சத்தும் தேவைப்படலாம்.

ஆயினும் உயிர்ச்சத்து துணையே; மருந்தாகாது. மருந்தைக் கைவிட்டுச் சத்து மாத்திரைகளை மட்டும் நம்பினால் மூட்டெலும்பு அரிக்கப்படும். அவ்வாறு அரித்த எலும்பு பழைய நிலைக்கு மீள்வது அரிது.

உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். மாணவச் செல்வங்களே! இன்று வீடு திரும்பியதும் உங்கள் தாயாரின் மருந்துப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். நீங்கள் கற்ற கல்வியின் பயன் அங்கும் தொடங்கட்டும்.