கடைக்குத் திரும்பி வரும் மருந்து

பனமலை

அன்புள்ள மருமகனுக்கு ஆசிகள்.

டி.பார்ம். தேறித் திண்டிவனத்தில் ஒரு மருந்துக்கடையில் நீ வேலைக்கு அமர்ந்திருப்பதை அக்காள் சொல்லக் கேட்டு ஆனந்தமடைந்தேன். கொடுத்த மருந்து ஒருவர் சரீரத்தில் என்ன செய்தது என்பதை வைத்தியருக்கும் முன்னதாகக் கேட்கிறவன் நீயே. ஏனெனில், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கோ ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கோ பஸ் ஏறத் தயங்கும் நம் ஊர்த் தொழிலாளி, "அந்த மாத்திரை ஒத்துக்கலைங்க" என்று கடைக்காரரிடந்தான் முதலில் வந்து நிற்பார்.

பல வேளைகளில் அதைக்கூடச் சொல்லாமல் இன்னொரு மருந்து கேட்டு வருவார். இரத்தக் கொதிப்புக்கு எனலாபிரில் உண்ணத் தொடங்கிய பெரியவர், சில வாரங்களில் சளியற்ற வறட்டு இருமல் என்று சிரப் வாங்குகிறார். தீர்ந்ததும் மறுபடி வாங்குகிறார். அவ்விருமலுக்கு அந்த மாத்திரையே காரணமாகலாம் என்பது நீ படித்த பாடம். வலிமாத்திரை உண்ணும்போதெல்லாம் உதட்டின் அதே இடம் சிவந்து கருக்கிறவர் களிம்புதான் கேட்பார். "வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டறிந்து, தாமாக எதையும் நிறுத்தாமல் வைத்தியரைக் காணும்படி சொல். வாய் புண்ணாகித் தோல் உரிந்தாலும், மூச்சுத் திணறினாலும், உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு; அதை அறிவிக்கும் படிவம் பிறகு.

மருந்தால் விளையும் இத்தகைய தீங்குகளை அறிவிப்பதற்கென 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தை 2011 முதல் காஜியாபாத்திலுள்ள இந்திய பார்மகோபியா ஆணையம் நடத்திவருகிறது. நோயாளியின் பெயரெழுத்து, வயது, மருந்து, விளைவு, அது தோன்றிய தேதி, உன் பெயர் ஆகியவற்றைப் படிவத்தில் எழுதினால் போதும். 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லலாம். நியாயமான சந்தேகமே போதுமானது. நிரூபிக்கும் பாரம் உன்னுடையதன்று. வைத்தியர் கோபிப்பாரோ, முதலாளி கடிவாரோ என்று அஞ்சியே பலர் வாளாவிருந்துவிடுகிறார்கள். அறிக்கை எவர்மேலும் சுமத்தும் குற்றச்சாட்டு அன்று; விவரங்கள் இரகசியமாகவே காக்கப்படும்.

அறிக்கையில் எந்த மருந்தென்று குறிக்க வேண்டும். ஆனால் அட்டையில் நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கிறோமே, பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அச்சான முனை அப்போது கடையிலேயே தங்கிவிடுகிறது. பலவற்றைச் சேர்த்துக் காகிதத்தில் மடித்துத் தரும் 'செட்' மாத்திரைக்கோ பெயரே கிடையாது. அவ்வழக்கத்தை நான் அடியோடு வெறுக்கிறேன். ஆதலால் பேட்ச் எண்ணுடன் பில் போட்டுக் கொடு.

மாதவிடாய் வலிக்குப் பெண்கள் கடையில் கேட்டு வாங்கும் மெஃபனமிக் அமிலம், அபூர்வமாகக் காய்ச்சலும் தடிப்பும் உறுப்புப் பாதிப்பும் கூடிய கடும் ஒவ்வாமையை விளைக்கக்கூடும் என்று பார்மகோபியா ஆணையம் 2023 இறுதியில் எச்சரித்ததே, அதுவும் இத்தகைய அறிக்கைகளைத் தொகுத்து ஆராய்ந்ததன் பயனாகும். சீட்டின்றி விற்கும் மருந்தின் தீங்கைக் கடைக்காரர் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?

நோயாளிகளே நிரப்பும் படிவம் தமிழிலும் இருக்கிறது. சில பிரதிகளை மேஜைமேல் வைத்திரு. எழுதத் தெரியாதவர்க்கு நீயே எழுதிக் கொடு.

அன்புடன்,
மாமா