தண்ணீர் நிற்கும்போது பார்! – கடல்மீன் தொட்டியின் குழாய்களில் ஓர் அழுத்தப் பாடம்



இந்த வாரப் பாடத்தை ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். தவறு என்னுடையது.

சில ஆண்டுகளுக்கு முன் ஈப்போ புந்தோங்கில் உள்ள எங்கள் வீட்டில் ஒரு கடல்மீன் தொட்டி வைத்தேன். அதில் இரண்டு கோமாளி மீன்களும் ஓர் இறாலும் இருந்தன. தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் இன்னொரு சிறிய தொட்டி. மீன் வளர்ப்போர் இதை 'சம்ப்' என்பார்கள். மேல்தொட்டியில் நிரம்பி வழியும் நீர் பிவிசி குழாய் வழியே சம்ப்புக்கு இறங்கும். அங்கே வடிகட்டப்பட்டதும் பம்ப் அதை மற்றொரு குழாய் வழியே மேலே அனுப்பும். ஒரு மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

ஒரு நாள் இரவு இடியும் மழையும். மின்சாரம் போய்விட்டது. கைவிளக்குடன் கூடத்துக்கு வந்தபோது காலடியில் தண்ணீர். நாக்கில் வைத்தால் உப்பு. சம்ப் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மின்சாரம் வந்ததும், அவசரத்தில் குறைந்த அளவுக்குப் பைப் தண்ணீரை ஊற்றி நிரப்பினேன். மறுநாள் மாலை இறால் செத்துக் கிடந்தது.

என் அப்பா சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பைப் வேலை பார்த்தவர். தரையைத் துடைத்துக்கொண்டே ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "தண்ணி ஓடும்போது பாக்காதப்பா. நிக்கும்போது என்ன செய்யும்னு பாரு."

அந்த ஒரு வார்த்தைக்குள் ஐந்தாம் படிவ இயற்பியலின் இரண்டாம் பாடமே இருக்கிறது. உங்கள் புத்தகத்தில் அதற்கு 'தெக்கானான்', அதாவது அழுத்தம் என்று தலைப்பு. வாருங்கள், படிப்படியாகப் பார்ப்போம்.

1. மேட்டு லயமும் பள்ளத்து லயமும்

அப்பா வேலை செய்த தோட்டத்தில் குன்றின் மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. அங்கிருந்து குழாய்கள் லயங்களுக்கு இறங்கும். மேட்டு லயத்துப் பொதுக்குழாயில் நீர் நூலாய் ஒழுகும். பள்ளத்து லயத்திலோ வாளி ஆடும் அளவுக்குப் பீய்ச்சும். இரண்டுக்கும் தொட்டி ஒன்றுதான்.

காரணம், திரவத்தின் அழுத்தம் அதன் ஆழத்தைப் பொறுத்தது. சூத்திரம் உங்களுக்குத் தெரியும்:

அழுத்தம் = அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம்

தொட்டி எவ்வளவு அகலம், எத்தனை லிட்டர் கொள்ளும் என்பது இந்தச் சூத்திரத்தில் இல்லை. தொட்டியின் நீர்மட்டத்துக்கும் குழாய் வாய்க்கும் இடையே உள்ள உயரம் மட்டுமே கணக்கு. அது 12 மீட்டர் என்றால், நிற்கும் நீரின் அழுத்தம் 1000 × 9.81 × 12, அதாவது சுமார் 118 கிலோபாஸ்கல்.

கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈயச் சுரங்கங்களும் இதே விதியில்தான் ஓடின. கோப்பெங் பகுதியில் மலைநீரைக் குழாய்களில் இறக்கி, அந்த உயரம் தரும் அழுத்தத்தால் மண்ணைப் பீய்ச்சிக் கரைத்து ஈயமணலைப் பிரித்தார்கள். என்ஜின் செய்ய வேண்டிய வேலையை உயரம் செய்தது.

என் வீட்டில் கணக்கு தலைகீழ். அங்கே நீரை மேலே ஏற்ற வேண்டும். சம்ப்பின் நீர்மட்டத்திலிருந்து மேல்தொட்டியின் நீர்மட்டம் வரை 1.5 மீட்டர். கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1025 கிலோகிராம். எனவே பம்ப் எதிர்த்து நிற்க வேண்டிய அழுத்தம்:

1025 × 9.81 × 1.5 = சுமார் 15 கிலோபாஸ்கல்

2. பெட்டியில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது?

ஒரு பம்பின் பெட்டியில் 'மணிக்கு 2000 லிட்டர். உச்ச உயரம் 2 மீட்டர்' என்று இருந்தால், 2 மீட்டர் உயரத்துக்கு மணிக்கு 2000 லிட்டர் ஏற்றும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 2000 லிட்டர் என்பது சற்றும் உயர்த்தாதபோது கிடைப்பது. 2 மீட்டர் என்பது நீர் அப்படியே நின்றுபோகும் உயரம். அங்கே ஓட்டம் சுழியம்.

இரண்டுக்கும் இடையே நேர்கோடு என்று தோராயமாக வைத்துக்கொண்டால், 1.5 மீட்டர் உயரத்தில் கிடைப்பது நான்கில் ஒரு பங்கு, அதாவது மணிக்கு 500 லிட்டர்தான். குழாயின் உராய்வு அதையும் குறைக்கும்.

உராய்வில் குழாயின் விட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மணிக்கு அதே அளவு நீர் ஓட வேண்டும், ஆனால் குழாயின் உள்விட்டத்தைப் பாதியாக்கிவிட்டோம் என்று வையுங்கள். குறுக்குப் பரப்பு நான்கில் ஒன்றாகும். நீரின் வேகம் நான்கு மடங்காகும். உராய்வால் இழக்கும் அழுத்தமோ சுமார் 32 மடங்காகும்! அரை அங்குலக் குழாய் மலிவு என்று வாங்கி, பெரிய பம்பைப் பொருத்தி மின்கட்டணம் கட்டுவது லாபமில்லை.

குழாயை வளைக்கும் 'எல்போ'வும் நீரைத் தடுக்கும். ஒரு 90 பாகை எல்போ, குழாய் விட்டத்தைப் போல் ஏறத்தாழ 30 மடங்கு நீளமுள்ள நேர்க்குழாய்க்குச் சமம். 2.5 சென்டிமீட்டர் குழாயில் ஓர் எல்போ வைத்தால் 75 சென்டிமீட்டர் குழாய் கூடியது போல. ஆகவே வளைவுகளை எண்ணி வையுங்கள்.

3. ஏன் பிவிசி?

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. இரும்புக் குழாய் அதில் விரைவில் துருப்பிடிக்கும். செம்பு, பித்தளை இன்னும் ஆபத்து. நீரில் கரையும் சிறிதளவு செம்புகூட இறால், நத்தை, பவளம் போன்ற முதுகெலும்பற்ற உயிர்களைக் கொன்றுவிடும். பிவிசி உப்புநீரோடு வினைபுரிவதில்லை.

பிவிசி ஒரு பாலிமர். சிறு மூலக்கூறுகள் சங்கிலியாய்க் கோத்த நெடு மூலக்கூறு. 1872-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஓய்கன் பௌமன், வெயிலில் இருந்த வினைல் குளோரைடு குடுவைக்குள் வெண்ணிறத் திடப்பொருள் உருவாகியிருப்பதைக் கண்டார். அதுதான் பிவிசி. நம் தாத்தா பாட்டிகள் விடியற்காலையில் சீவியெடுத்த ரப்பர் பாலிலும் ஒரு பாலிமர் இருக்கிறது: பாலிஐசோப்ரீன். 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பேராக்கின் ரப்பர் கதை அங்கே தொடங்குகிறது. மீன்தொட்டியில் பிவிசியும் ரப்பரும் சந்திக்கின்றன. கண்ணாடியைத் துளைத்துக் குழாயைப் பொருத்தும் 'டேங்க் கனெக்டர்' பிவிசி. கசிவைத் தடுக்க அதில் இருக்கும் வளையம் ரப்பர்.

பிவிசி 'கம்' உண்மையில் சாதாரணப் பசை அல்ல. அதில் உள்ள கரைப்பான் குழாயின் வெளிப்பரப்பையும் சாக்கெட்டின் உட்பரப்பையும் இளக்குகிறது. இரண்டின் பாலிமர் சங்கிலிகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே துண்டாகிவிடும். பிறகு கழற்ற முடியாது. அதனால்தான் பம்ப் அருகே, கழற்றி மாட்டக்கூடிய 'யூனியன்' வைக்க வேண்டும்.

இணைக்கும் முறை: முதலில் கம் இல்லாமல் எல்லாவற்றையும் பொருத்திப் பாருங்கள். வெட்டிய விளிம்பைத் தேய்த்துத் துடையுங்கள். இரு பரப்பிலும் கம் தடவி, கால் சுற்று திருப்பிச் செருகி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஒரு நாள் முழுவதும் காயவிட்டு, பின்னர் நல்ல தண்ணீர் ஊற்றிக் கசிவு பாருங்கள். கம்மின் ஆவி தீப்பற்றும், தலைசுற்றலும் தரும். சன்னலைத் திறந்து வைத்து, பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்யுங்கள். கண்ணாடியில் துளையிடுவதைக் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள். உறுதியேற்றிய கண்ணாடி என்றால் துளைக்கவே முடியாது. சில்லுச் சில்லாய் நொறுங்கும்.

4. அன்று இரவு நடந்தது என்ன?

பம்ப் நின்றதும் மேலேறும் குழாயில் இருந்த நீர் தன் எடையால் கீழே இறங்கத் தொடங்கியது. அதனால் குழாயின் உச்சியில் அழுத்தம் குறைந்தது. மேல்தொட்டியின் நீர்ப்பரப்பை அழுத்திக்கொண்டிருந்த வளிமண்டலம், நீரைக் குழாய்க்குள் தள்ளியது. இதுதான் சைஃபன். குழாய் வாய்க்குள் காற்று புகும்வரை இது நிற்காது.

என் தொட்டியின் நீளம் 120 சென்டிமீட்டர், அகலம் 45. குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 9 சென்டிமீட்டர் கீழே இருந்தது. கணக்கிடுவோம்:

இறங்கிய நீர்: 120 × 45 × 9 = 48,600 கன சென்டிமீட்டர் = 48.6 லிட்டர்
சம்ப்பில் இருந்த காலியிடம்: 60 × 35 × 10 = 21,000 கன சென்டிமீட்டர் = 21 லிட்டர்
தரைக்கு வந்தது: 48.6 – 21 = 27.6 லிட்டர்

தொட்டி வைப்பதற்கு முன் இந்த மூன்று வரிகளை ஒரு தாளில் எழுதியிருந்தால் போதும். நான் எழுதவில்லை. ஓடும்போது அழகாக ஓடியது, அதில் மயங்கிவிட்டேன்.

இரண்டாவது தவறு இன்னும் பெரிது. நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதற்கு நல்ல தண்ணீர் ஊற்றுவது சரி. ஆனால் அன்று உப்பும் சேர்ந்தே தரையில் கொட்டியது. தொட்டியிலும் சம்ப்பிலும் சேர்த்து இருந்த 289 லிட்டரில் 27.6 லிட்டர் போய், அதே அளவு பைப் தண்ணீர் வந்ததால் உப்புத்தன்மை 35-லிருந்து சுமார் 31.7-க்குச் சட்டென்று இறங்கியது. அதோடு, பைப் தண்ணீரில் கிருமிகளைக் கொல்லச் சேர்க்கும் குளோரினும் இருக்கும். மீன்கள் தாங்கின. இறால் தாங்கவில்லை.

5. திருத்திக் கட்டியது

முதலில் குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு 3 சென்டிமீட்டர் கீழே உயர்த்தினேன். இப்போது இறங்கக்கூடியது 120 × 45 × 3 = 16.2 லிட்டர். சம்ப்பின் 21 லிட்டர் காலியிடத்துக்குள் அடங்கும்.

அடுத்து, நீர்மட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே அதே குழாயில் 4 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டேன். நீர் அந்தத் துளைவரை இறங்கியதும் காற்று புகுந்து சைஃபனை உடைத்துவிடும். ஆனால் துளையைப் பாசியோ நத்தையோ அடைக்கலாம். ஒருவழி வால்வும் உப்புப் படிந்து சிக்கிக்கொள்ளலாம். எனவே இவை துணைக்கு மட்டும். இவை இல்லாவிட்டாலும் நீர் சம்ப்பில் அடங்குகிறதா என்பதே முதல் கேள்வி.

மறுபக்க ஆபத்தையும் பாருங்கள். இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டு, பம்ப் மட்டும் ஓடினால் மேல்தொட்டி வழியும். அதற்காக, சற்று உயரத்தில் இரண்டாவது இறங்குகுழாய் ஒன்றை வைத்தேன். வழக்கமான நாளில் அதில் ஒரு சொட்டும் போகாது. முதலாவது அடைத்த நாளில் அதுதான் காவல்.

கடைசியாக, மின்சாக்கெட்டைத் தரையிலிருந்து அகற்றிச் சுவரில் உயர வைத்தேன். ஒயர் சாக்கெட்டுக்குக் கீழே வளைந்து தொங்கிய பிறகு மேலேறிச் செல்ல வேண்டும். அப்போது ஒயர் வழியே வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதை மறக்காதீர்கள். அன்று இரவு மின்சாரம் திரும்பியபோது நான் அந்த ஈரத்தரையில்தான் நின்றிருந்தேன்.

6. ஓட்டம் நின்றால் உயிர் நிற்கும்

மீன் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது நஞ்சு. வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும். 27 பாகை செல்சியஸில் நல்ல தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். கடல்நீரில் சுமார் 6.5 மட்டுமே. அதனால் நீண்ட மின்தடையில் கடல்மீன்கள் சீக்கிரமே திணறும். பேட்டரியில் ஓடும் சிறிய காற்று பம்ப் ஒன்றை வீட்டில் வைத்திருப்பது நல்லது.

செய்து பாருங்கள்

இரண்டு வாளிகள், ஒரு மீட்டர் ஒளிபுகும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குழாய் எடுங்கள். ஒரு வாளியை நாற்காலியில் வைத்து நீர் நிரப்புங்கள். குழாயை நீரால் நிரப்பி, இரு வாயையும் விரலால் மூடி, ஒரு வாயை மேல்வாளிக்குள்ளும் மற்றதைக் கீழ்வாளிக்குள்ளும் விட்டு விரல்களை எடுங்கள். நீர் எப்போது நிற்கிறது? மேல்வாயின் ஆழத்தை மாற்றி மூன்று முறை செய்து, இறங்கிய நீரை அளந்து அட்டவணையில் எழுதுங்கள்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. ஒரு தொட்டி 90 சென்டிமீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம். குழாய் வாய் நீர்மட்டத்துக்கு 5 சென்டிமீட்டர் கீழே. சம்ப்பில் 15 லிட்டர் காலியிடம். மின்சாரம் போனால் தரை நனையுமா?

2. என் மேல்தொட்டியின் உயரம் 50 சென்டிமீட்டர், நீர்மட்டம் 45. இறங்கும் குழாய்கள் இரண்டுமே அடைத்துக்கொண்டால் தரை நனையாதிருக்க, சம்ப்பில் பம்ப் இருக்கும் அறையில் அதிகபட்சம் எத்தனை லிட்டர் நீர் இருக்கலாம்?

3. உங்கள் வீட்டுக் கூரைமேல் உள்ள தண்ணீர்த் தொட்டிக்கும் குளியலறைக் குழாய்க்கும் இடையே உள்ள உயரத்தை அளந்து, அழுத்தத்தைக் கணக்கிடுங்கள்.

முதல் இரண்டின் விடைகள்: 18 லிட்டர் இறங்கும், எனவே 3 லிட்டர் தரைக்கு வரும்; 27 லிட்டர்.

மூன்றாவதை வீட்டில் அளந்துதான் சொல்ல வேண்டும். அப்பா, அம்மா, தாத்தா யாராவது குழாய் வேலை தெரிந்தவராக இருந்தால், அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கணக்குப் போடுங்கள். சூத்திரம் தெரியாமலே அவர்கள் அறிந்து வைத்திருப்பது நிறைய.