உறைபனியில் உள்ளம்

ஆசிரியைகளாய்ப் பணியாற்றிய ஆன் பான்கிராஃப்ட், லிவ் ஆர்னசன் இருவரும் 2001-ஆம் ஆண்டு பனிச்சறுக்குக் கட்டைகளில் அண்டார்க்டிகா நிலப்பரப்பைக் கடந்தனர். பெண்களில் இவர்களே முதல்வர். பயணம் மூன்று மாதம். ஒவ்வொருவர் பின்னும் சுமைவண்டி!

இத்தகைய கடுங்குளிரில் நெடுநாள் உழைப்போர் உள்ளம் ஏன் சோர்கிறது? நம் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியின் ஹார்மோன் உடலுக்கு வெப்பம் தர உதவுகிறது. மாதக்கணக்கில் குளிரில் வாழும்போது தசைகள் அதனை மிகுதியாகச் செலவிடுகின்றன. மூளைக்குரிய பங்கு குறைவதாலேயே மறதியும் எரிச்சலும் தோன்றுகின்றன என ஆய்வாளர் கருதுகின்றனர். உறக்கம் குறைந்தாலோ, கார்டிசால் என்னும் ஹார்மோனும் நிலைமாறும்.

ஆகவே, பனியில் ஒருத்தி சிடுசிடுத்தால் அது குணக்கேடு அன்று. உடல் கேட்கும் உதவி என நாம் உணர்வோம். வயிறார உணவு, போதிய உறக்கம், உடன் வருபவளின் பொறுமை ஆகியவையே அவளுக்கு முதலுதவி.