ஆய்வுக்கூடத்தின் எண்ணை நம்பலாமா?

புனே நகரின் மேற்குப் புறத்தே உள்ள பாணேர் முன்னர் குன்றும் வயலும் சூழ்ந்த சிற்றூராக இருந்தது. இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளும் மென்பொருள் நிறுவனங்களும் நிறைந்த புறநகராகிவிட்டது. மேற்கேயுள்ள குன்றுகளில் தோன்றிப் பாவ்தன், பாஷாண் ஆகிய இடங்களைக் கடந்து வரும் ராம் நதி, பாணேர் வழியே சென்று ஔந்த் அருகே முளா ஆற்றில் கலக்கின்றது. வழியெங்கும் குடியிருப்புகளின் கழிவுநீர் அதனுடன் சேருகின்றது. அவ்வாறு நதியில் விழும் கழிவுநீரை ஒரு குப்பியில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம் என்று வைத்துக்கொள்வோம். சில நாட்களில் அறிக்கை வருகின்றது. உயிர்வேதியியல் பிராணவாயுத் தேவை லிட்டருக்கு 28 மில்லிகிராம் என்று அதில் காணப்படுகின்றது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீருக்குப் பொது வரம்பு 30. ஆகவே கழிவுநீரை விட்டவர் தப்பினார். ஆயினும், உண்மையான அளவு 32 அன்று, 28தான் என்பதற்கு என்ன உறுதி?

இந்தச் சோதனையின் தன்மையைச் சற்று நோக்குவோம். நீரிலுள்ள அழுகும் பொருள்களை நுண்ணுயிர்கள் உண்ணுங்கால் எவ்வளவு பிராணவாயுவைச் செலவிடுகின்றன என்பதே இதில் அளக்கப்படுகின்றது. குளிர்நாடுகளில் 20 பாகை உஷ்ணநிலையில் 5 நாட்கள் வைத்து அளப்பது வழக்கம். நம் நாட்டில் 27 பாகையில் 3 நாட்கள் என்று முறை வகுக்கப்பட்டுள்ளது. அளக்கும் கருவி உயிருள்ள நுண்ணுயிர்க் கூட்டமாதலால், பெட்டியின் உஷ்ணநிலை தவறினாலும், நீர்த்தலுக்குப் பயன்படும் நீர் தூயதாக இல்லாவிடினும் விடை மாறிவிடும். ஆகையால், அளவு முன்னரே தெரிந்த கரைசல் ஒன்றையும் உடன் சோதிப்பர். லிட்டருக்கு 150 மில்லிகிராம் குளுக்கோஸும் அதே அளவு குளுட்டாமிக் அமிலமும் கலந்த அக்கரைசலுக்கு, 5 நாள் முறையில், 198 மில்லிகிராம் வரவேண்டும், 30.5 வரை கூடவோ குறையவோ செய்யலாம். நன்கு நடைபெறும் கூடங்களுக்கே இவ்வளவு இடைவெளி அனுமதிக்கப்பட்டுள்ளது என்பது கவனிக்கத் தக்கது. ஆகவே 28 என்று மட்டும் எழுதிய அறிக்கை அரைகுறையானது. அது 28, கூட்டல் கழித்தல் 4 என்றிருந்தால், உண்மை 24க்கும் 32க்கும் இடையே உள்ளது என்று பொருள்படும். இத்தகைய நிலையில் தேறியதா, தவறியதா என்று எவ்விதிப்படி முடிவு செய்வது என்பதைச் சோதனைக்கு முன்னரே வகுத்துக்கொள்ளல் வேண்டும். முடிவு வந்தபின் விதியைத் தேடுவது நியாயமாகாது.

கூடத்தினுள் நாள்தோறும் வேறு சில காப்புகளும் உண்டு. மாதிரி ஏதுமின்றித் தூய நீரையே சோதிப்பது வெற்றுச் சோதனை. இதில் நஞ்சு தென்பட்டால் அது குடுவையிலிருந்தோ இரசாயனப் பொருளிலிருந்தோ வந்ததாகும். மாதிரியில் தெரிந்த அளவு பொருளைச் சேர்த்து அது முழுமையாகத் திரும்பக் கிடைக்கின்றதா என்று பார்ப்பது மற்றொன்று. 10 மைக்ரோகிராம் சேர்த்து 6 மட்டுமே கிடைத்தால், அன்றைய விடைகள் யாவும் ஐயத்துக்குரியன.

இவையெல்லாம் ஒழுங்காக நடைபெறுகின்றனவா என்று வெளியார் வந்து ஆராய்ந்து ஏற்பதே அங்கீகாரம். ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 என்னும் சர்வதேசத் தரம் இதற்கு அடிப்படை. 1999-இல் வெளியிடப்பட்ட இது 2005, 2017 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. நம் நாட்டில் இப்பணியைச் செய்வது, இந்தியத் தர மன்றத்தைச் சேர்ந்த என்.ஏ.பி.எல். என்னும் தேசிய அங்கீகார வாரியம். இங்கே ஒரு சொற்குழப்பத்தைச் சுட்ட வேண்டியுள்ளது. ஐ.எஸ்.ஓ. 9001 சான்று பெற்ற கூடத்தையும் நம் பத்திரிகைகள் அங்கீகாரம் பெற்றது என்றே எழுதிவிடுகின்றன. அச்சான்று நிர்வாக ஒழுங்கைப் பற்றியது. 17025 அங்கீகாரமோ, குறிப்பிட்ட பொருளைக் குறிப்பிட்ட முறையில் அளக்கும் திறனைப் பற்றியது. ஈயத்தை அளக்க அங்கீகாரம் பெற்ற கூடம், பூச்சிக்கொல்லிக்கும் அங்கீகாரம் பெற்றதாகிவிடாது. அறிக்கையில் உள்ள முத்திரையைக் கண்டதும் திருப்தியடையாமல், நமக்கு வேண்டிய சோதனை அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா என்று பார்த்தல் வேண்டும்.

2003 ஆகஸ்டில் தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், 12 குளிர்பான வகைகளில் பூச்சிக்கொல்லி எச்சம் உள்ளதென்று அறிவித்தது. உற்பத்தியாளர்கள் மறுத்தனர், அம்மையத்தின் கூடம் தேசிய வாரியத்தின் அங்கீகாரம் பெறாதது என்பதும் எதிர்வாதங்களுள் ஒன்றாக இருந்தது. அரசாங்கம் மைசூரிலும் கல்கத்தாவிலும் உள்ள தன் கூடங்களில் மறுசோதனை செய்வித்தது. அங்கு கண்ட அளவுகள் குறைவாயினும், 12-இல் 9 வகைகள் ஐரோப்பிய வரம்பை மீறியிருந்தன. ஒரு பூச்சிக்கொல்லிக்கு அவ்வரம்பு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம், அத்தகைய நுண்ணளவில் கூடத்துக்குக் கூடம் எண் வேறுபடுவது இயல்பே. 2004 பிப்ரவரியில் பாராளுமன்றக் கூட்டுக் குழு மையத்தின் கண்டுபிடிப்பை ஏற்றது. அங்கீகாரமின்மை ஒரு கூடத்தின் விடை தவறென்பதற்குச் சான்றாகாது. ஆனால் அக்கூடத்தின் விடையை எளிதில் வழக்காடக்கூடியதாக்கிவிடுகின்றது.

கேளாத கேள்விக்கு எக்கூடமும் விடை தராது என்பதற்கு வங்காளதேசம் சான்று. அங்கு 1992-இல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் 150 கிணறுகளின் நீரைப் பல பொருள்களுக்குச் சோதித்தது. ஆர்சனிக்கை மட்டும் சோதிக்கவில்லை. அந்நீரை அருந்தி நோயுற்ற ஒருவர் தொடர்ந்த வழக்கு 2006-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில் தோல்வியுற்றது.

இனி, களப்பணியாளருக்கு மிக நெருங்கிய பகுதிக்கு வருவோம். 2025 ஜனவரியில் புனேயின் சிங்ககட் சாலைப் பகுதியில் கில்லன்-பாரே என்னும் நரம்பு நோய் பலரைத் தாக்கியது. நோயாளிகள் சிலரது மாதிரிகளில் கேம்பிலோபாக்டர் ஜெஜுனி என்னும் கிருமி காணப்பட்டது. ஐயம் குடிநீரின்மேல் விழ, பல இடங்களில் நீர் சோதிக்கப்பட்டது. இத்தகைய வேளையில் குப்பியைப் பிடிக்கும் கையே முதல் ஆய்வுக்கூடம். குழாய் நீரில் குளோரின் எஞ்சியிருப்பின், குப்பிக்குள்ளும் அது கிருமிகளைக் கொன்றுகொண்டே இருக்கும். குழாயடியில் இருந்த கிருமி கூடத்தை அடையுமுன் மறைந்துவிடும். அதனால் கிருமிச் சோதனைக்கான குப்பியில் சோடியம் தயோசல்பேட் முன்கூட்டியே இடப்படுகின்றது. அது குளோரினை உடனே செயலறச் செய்கின்றது. பிற குப்பிகளை மாதிரி நீரால் அலசும் பழக்கத்தில் இதையும் அலசிவிடலாகாது. எஞ்சிய குளோரினை அவ்விடத்திலேயே அளந்து குறிக்க வேண்டும். குடிநீரில் அது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாதிருத்தல் விதி. உலோகச் சோதனைக்குரிய மாதிரியில் நைட்ரிக் அமிலம் சேர்க்கப்பெறும். இல்லையேல் உலோகம் குப்பியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

சட்டமும் இவ்விஷயத்தில் கண்டிப்பானது. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 11-ஆம் பிரிவின்படி, முறையான அறிவிப்பின்றி, உரியவாறு முத்திரையிட்டுக் கையொப்பமிடாமல் எடுக்கப்பட்ட மாதிரியின் முடிவு நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்படாது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் விளக்கலாம். ஒரே குழாய் நீரை நான்கு குப்பிகளில் நிரப்பி, ஐந்தாவதில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, எண் மட்டும் இட்டு ஐந்து மாணவர்களிடம் கொடுத்துக் கடினத்தன்மையை அளக்கச் செய்க. நான்கு விடைகளின் சராசரியையும் அவற்றிடையேயுள்ள வேறுபாட்டையும் கரும்பலகையில் எழுதுக. ஐந்தாவது மாணவன் வடித்த நீரிலும் கடினத்தன்மை கண்டிருந்தால், அவனைக் கடிந்துகொள்ளாமல் அவனது குடுவையைப் பார்க்கச் சொல்வது நலம். பெரும்பாலும் அதைக் குழாய் நீரால் கழுவி அப்படியே வைத்திருப்பான்.