பாடசாலைத் தோட்டமும் ஊர்க் குப்பையும்

உலகச் சுற்றுச்சூழல் தினம் 1973-ம் வருஷம் முதல் ஜூன் 5-ந் தேதியன்று அனுஷ்டிக்கப்பட்டு வருகிறது. அன்று பாடசாலைப் பிள்ளைகள் செடி நடுவதும் தெருக்களைச் சுத்தம் செய்வதும் வழக்கம். ஆயினும், பல ஊர்களில் ஆடி பிறக்குமுன் செடி கருகிவிடுகிறது. குப்பையும் பழையபடி சேர்ந்துவிடுகிறது. இதற்குக் காரணம் பிள்ளைகளின் சிரத்தைக் குறைவன்று; காலத்தையறிந்து வேலையைப் பகுத்துக்கொள்ளாமையே.

1. காலம்: தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களே மழைக்காலம். ஜூன் 5-ந் தேதியோ வைகாசிக் கோடையில் வருகிறது. ஆகையால், நீர்வசதியில்லாத ஊரில் அன்று எருக்குழி இடுதலும், மழை தொடங்கியபின் செடி நடுதலுமே உசிதம்.

2. எரு: ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் விவசாய நிபுணர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து இம்முறையை வகுத்தார். 2 அடி ஆழத்திற்கு மேற்படாத குழியில் சருகு, களை, சாணம், சிறிது சாம்பல், மண் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, பிழிந்த துணியளவு ஈரம் இருக்கும்படி நீர் தெளிக்கவேண்டும். இருவாரத்தில் ஒரு முறையும், ஒரு மாதத்தில் மறுமுறையும், இரண்டாம் மாதத்தில் மூன்றாம் முறையும் புரட்டிவிட்டால், ஏறக்குறைய 3 மாதத்தில் எரு பக்குவமாகும். வைகாசியில் கூட்டிய குப்பை, இவ்விதம் புரட்டாசிக்குள் மழைக்கால நடவுக்கு உதவும். பிளாஸ்டிக், பழைய பேட்டரி முதலியன குழியில் விழலாகாது. குப்பையைக் கொளுத்துதலும் கூடாது. உடைந்த கண்ணாடி, ஊசி ஆகியவற்றைப் பிள்ளைகள் தொடாதபடி பெரியோரே அகற்றவேண்டும்.

3. கொசு: டெங்கு ஜுரத்தைப் பரப்பும் கொசு, கொட்டாங்கச்சி, பழைய டயர், மூடாத தொட்டி ஆகியவற்றில் தேங்கும் நீரில் பெருகுகிறது. முட்டை பொரிந்து கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாட்களே போதும். எனவே, வருஷத்திற்கொரு நாள் செய்யும் துப்புரவு இதைத் தடுக்காது. வாரந்தோறும் செய்வதே தடுக்கும். முட்டை தொட்டியின் பக்கங்களில் ஒட்டியிருக்குமாதலால், நீரைக் கொட்டுவதோடு நில்லாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும்.

4. தோட்டம்: முருங்கைப் போத்தும் பப்பாளியும் நீர் தேங்காத மேட்டில் நடத்தக்கவை. பிள்ளைகள் கைகழுவும் நீரை வாழைக்குத் திருப்பிவிடலாம். முருங்கைக்கீரையும் பப்பாளிப்பழமும் மாலைக்கண்ணைத் தடுக்கும் ‘ஏ’ வைட்டமின் சத்தை உடலுக்கு அளிப்பவை. ஆகவே, தோட்டத்தின் பலன் பிள்ளைகளின் உணவிலேயே சேரவேண்டும்.

5. சங்கத்தின் கடமை: பாடசாலை விடுமுறையில் செடிக்கு நீர்விடுவார் யார், குழியைப் புரட்டுவார் யார் என்பதே முக்கியமான கேள்வி. கூட்டுறவுச் சங்கத்தார் கூடி, தெருவுக்கு இரண்டு அங்கத்தினர் வீதம் முறைவைத்து, பெயர்களைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்தல் நலம். மண்வெட்டி, கூடை, விதை ஆகியவற்றைச் சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து, விதிகள் இடங்கொடுக்குமளவில், வாங்கித் தரலாம். சிறு தொகையைப் பலர் சேர்ந்து பெருமுதலாக்குவது கூட்டுறவு. வீட்டுக்கொரு கூடைக் குப்பையை ஊருக்கு எருவாக்குவதும் அதன்பாற்பட்டதே.