டீசலா, பெட்ரோலா? கடன் விண்ணப்பத்திற்கு முன் ஒரு கணக்கு

நெய்யாற்றின்கரை வட்டத்தின் செங்கல் ஊரைச் சேர்ந்த வாழை விவசாயி ஒருவர், சிறு சரக்கு வண்டிக்குக் கடன் கேட்டு வந்தார். "டீசல் வண்டிதானே சார் லாபம்?" என்றார். உடனே ஆம் என்று கூற இயலவில்லை. வணிகவியல் படித்தவனுக்கு எஞ்சினைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். கடன் தவணை அடைவது அந்த எஞ்சின் ஓடும் ஓட்டத்தில்தான்.

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் கலந்த கலவையைத் தீப்பொறி பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்று மட்டும் 15 முதல் 20 மடங்கு வரை அழுத்தப்பட்டுக் கடும் வெப்பம் அடைகிறது. அதில் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய முறை இது. பெட்ரோல் கலவையை அந்த அளவுக்கு அழுத்தினால் அது முன்கூட்டியே வெடித்து எஞ்சின் தட்டத் தொடங்கும்.

அழுத்தம் கூடும்போது அதே வெப்பத்திலிருந்து கிடைக்கும் வேலையும் கூடுகிறது. லிட்டருக்கு லிட்டர் ஒப்பிட்டாலும் டீசலில் ஆற்றல் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அதிகம். குறைந்த சுழற்சியிலேயே இழுவிசை கிடைப்பதால், சேற்று வயலில் கலப்பையை இழுக்கும் டிராக்டருக்கும், களியக்காவிளை வழியாகப் பாரம் ஏற்றிவரும் லாரிக்கும் டீசலே பொருந்தும். இதில் விவாதத்திற்கு இடமில்லை.

சிறு வண்டியில்தான் கணக்கு மாறுகிறது. அழுத்தத்தைத் தாங்கும் கனமான பாகங்களால் டீசல் எஞ்சினின் விலை அதிகம். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 விதிகளுக்குப் பின் புகைக்கரி வடிகட்டி போன்ற கருவிகளும் சேர்ந்தன. எஞ்சின் நன்கு சூடேறாத குறுந்தூர ஓட்டம் தொடர்ந்தால் அவ்வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

கணக்கிற்காக, விலை வேறுபாடு ரூ.1,00,000 என்க. பெட்ரோல் லிட்டர் ரூ.105, ஓட்டம் 15 கி.மீ.; டீசல் ரூ.95, ஓட்டம் 20 கி.மீ. எனில், கிலோமீட்டருக்கு ரூ.7.00, ரூ.4.75 ஆகிறது. மிச்சம் ரூ.2.25. கூடுதலாகக் கொடுத்த ஒரு லட்சம் திரும்ப ஏறத்தாழ 44,400 கி.மீ. ஓட வேண்டும். ஆண்டில் 300 நாள், தினம் 100 கி.மீ. ஓடுபவருக்கு அது ஒன்றரை ஆண்டு. நம் விவசாயி ஓட்டுவதோ தோட்டத்திலிருந்து சந்தைக்குப் போய்வர 30 கி.மீ. அவருக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டு. கூடுதல் கடனுக்கான வட்டியை இதில் நான் சேர்க்கவே இல்லை.

அவர் கேட்டிருந்த தவணைக் காலமும் ஐந்து ஆண்டுதான். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சென்றவர், மறுவாரம் பெட்ரோல் வண்டிக்கான விலைப்புள்ளியுடன் வந்தார். உழவுக்கு மட்டும் வழக்கம்போல் வாடகை டிராக்டர், அது டீசல்தான்.